ஞாயிற்றுக்கிழமைப் படகுகள்

நான்கு இளைஞர்கள் ஒன்றாக வந்து தையற்கடை வாசலில் நின்றால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடைக்குள் ஆண்கள் வருவதே குறைவு. மனைவியின் உடுப்பை எடுக்க வருகிறவர்கள்கூட மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் ஹோர்ன் அடித்துக் கூப்பிடுவார்கள். கடைக்காரி சின்னத்தங்கம் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே எழுந்து போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

அவர்களில் தாடி வைத்திருந்தவன், திரைப்பட விமர்சகர் தனுசியாவைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னான்.

"இஞ்சை பிளவுஸ் தைக்கிற தனுசியாதான் இருக்குது," என்றாள் சின்னத்தங்கம். "வேணுமெண்டால் கூப்பிடுறன்."

உள்ளே சுவரோரத்து மெசினில் இருந்த தனுசியாவுக்குக் காது சுட்டது. எழுந்து உடுப்பு மாற்றும் மறைப்புக்குள் போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் ஏற்கெனவே ஒருத்தி சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போக வேறு இடம் இல்லாததால் அவள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. சண்டிலிப்பாயில் தாய் செல்வநாயகியோடு இருக்கிறாள். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது தகப்பன் படுக்கையில் விழுந்தார். புகையிலைத் தோட்டத்தில் வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் மாறத் தாய்க்கு ஒரு கை தேவைப்பட்டது. அந்தப் போகம் முடியும்வரைக்கும் என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்தை விட்டாள். போகம் முடிந்தது, தகப்பனும் முடிந்துபோனார், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகும் கதையை அதன்பிறகு எவரும் எடுக்கவில்லை. தையல் பழகினாள். அளவெடுக்கும்போது "கையைத் தூக்குங்கோ" என்று சொல்வதைத் தவிர, வருகிறவர்களோடு ஒரு சொல் கூடக் கதைக்கமாட்டாள். ஆனால் யார் எந்தத் தோளைச் சற்று இறக்கி நடக்கிறார்கள், எந்தப் பெண் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

படம் பார்ப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் படத்தைக் கேட்பாள். கைப்பேசியை மெசின் மேசையின் லாச்சிக்குள் வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, தைத்தபடியே தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்பாள். வீட்டுக்குப் போனபின் இரண்டாம் முறை, சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். இப்படிச் செய்யும்போது ஒரு படத்தில் எங்கே வாய் அதிகம், எங்கே கண் அதிகம் என்பது தெரிந்துவிடும் என்பாள். என்பாள் என்றால் எவரிடமும் சொன்னதில்லை, எழுதியிருக்கிறாள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களுக்குக் கீழே அவள் எழுதத் தொடங்கியபோது, அங்கே "வாழ்த்துக்கள் தம்பி, இன்னும் வளர வேண்டும்" என்பதைவிட நீளமாக எழுதுகிறவர்கள் இருக்கவில்லை. இவள் பந்தி பந்தியாக எழுதினாள். ஒரு படத்தின் செத்தவீட்டில் அத்தனை பேரும் ஒரே கணத்தில் அழத் தொடங்கி ஒரே கணத்தில் நிறுத்துகிறார்கள் என்று எழுதினாள். இன்னொரு படத்தில் கதாநாயகி கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாள், வாளி இறங்கும் சத்தம் வருகிறது, ஏறும் சத்தம் வரவில்லை என்று எழுதினாள். அந்தப் படத்தை எடுத்தவர் அவளைத் தன் பக்கத்திலிருந்தே தடை செய்துவிட்டார். பிறகு முகநூலில் தன் பெயரிலேயே ஒரு பக்கம் வைத்தாள். படம் எடுக்கிறவர்கள் களவாக வந்து வாசித்தார்கள். நன்றி என்று ஒருவரும் எழுதியதில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததில்லை, அல்லது எதிர்பார்ப்பது தனக்கே தெரியாமல் இருந்தாள்.

இப்போது தாடிக்காரன் உள்ளே வந்து, மெசினுக்கு முன்னால், மாணவன் ஆசிரியருக்கு முன்னால் நிற்பதுபோல நின்றான். அவன் பெயர் சிவதர்ஷன். "நங்கூரக்கல்" என்ற நாற்பது நிமிடப் படத்தை எடுத்தவன். கடலில் தமையனைப் பறிகொடுத்த ஒரு மீனவன் மறுபடி கடலுக்குப் போகும் கதை. கத்தோலிக்கர் வாழும் குருநகர்க் கரையில் எடுத்தது. படத்தை மண்டபத்தில் போடுவதற்கு முன் சிலருக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் இவளும் ஒருத்தி. மற்றவர்கள் வாழ்த்து எழுத, இவள் மட்டும் ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு எழுதியிருந்தாள்.

"ஞாயிறு காலை. கோயில் மணி அடிக்கிறது. பெண்கள் முக்காட்டோடு பூசைக்கு ஒரு பக்கம் போக, ஆண்கள் மறுபக்கம் கடலுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு படகு கரையை விட்டு நகர்கிறது. மணிச் சத்தத்தை இயந்திரச் சத்தம் விழுங்குகிறது. இதுதான் அந்தக் கரை. இதைவிட உண்மையாக அதைக் காட்ட முடியாது."

அந்த வரிகளை அவர்கள் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். கூட ஒரு பெட்டி கேக்கும் இருந்தது.

"அக்கா, மூண்டு வருசமா இதுக்காக அலைஞ்சம்," என்றான் சிவதர்ஷன். "எங்கடை வீட்டிலைகூட ஒருத்தரும் முழுசா இருந்து பாக்கேல்லை. நீங்கள் அந்த இடத்தைப் பிடிச்சு எழுதியிருந்ததை வாசிச்சிட்டு நான் அழுதனான்."

அதற்குத் தனுசியா "சரி" என்றாள்.

அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் நகரத்து மண்டபத்தில் படம் போடுவதாகவும், மேடைக்கு அழைத்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும், இரண்டு வசனம் பேசினால் போதும் என்றும் அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். சின்னத்தங்கம் சட்டத்தை வாங்கி, நிலைக்கண்ணாடிக்கு மேலே ஆணி அடித்துக் கொழுவினாள். பிளவுஸ் போட்டுப் பார்க்கிற ஒவ்வொருத்தியும் அதை வாசித்தாள்.

அன்றிலிருந்து தனுசியாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சந்தோஷம் என்பது இப்படி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை லாச்சியைத் திறந்து கைப்பேசியைப் பார்த்தாள். சிவதர்ஷன் குழு அந்தப் படகுக் காட்சியை மட்டும் வெட்டி முன்னோட்டமாகப் போட்டிருந்தது. முடிவில் அவளது வரி எழுந்து நின்றது: "இதைவிட உண்மையாக அதைக் காட்ட முடியாது." அதன் கீழே அவள் பெயர். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆட்கள் பகிர்ந்தார்கள். அவள் ஒரு பிளவுஸின் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

"விமர்சகர் அம்மா," என்றாள் சின்னத்தங்கம், அதைத் தூக்கிப் பிடித்து, "உந்தக் கையையும் ஒருக்கா விமர்சனம் செய்யுங்கோ."

முன்னோட்டத்துக்குக் கீழே வந்த பின்னூட்டங்களுக்குள் ஒன்று இப்படி இருந்தது: "அக்கா, நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை எங்கடை கரைக்கு வந்து பாத்தால் நல்லது. யசிந்தா, குருநகர்." தனுசியாவுக்கு அது இனிய அழைப்பாகவே பட்டது. ஒரு இதயத்தை அழுத்திவிட்டு, கட்டாயம் வருகிறேன் என்று எழுதினாள். யசிந்தா பதிலுக்குத் தன் இலக்கத்தை அனுப்பியிருந்தாள்.

அவள் கீரிமலைக் கடலைக் கண்டிருக்கிறாள். கசூரினாக் கடற்கரைக்கும் போயிருக்கிறாள். ஆனால் அவள் வீட்டில் மீன் வாங்காத நாள் குறைவாக இருந்தும், அந்த மீன் வந்து இறங்குகிற கரைப்பக்கம் போகவேண்டிய அலுவல் வீட்டில் எவருக்கும் வந்ததில்லை. மீன் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வரும். வாசலிலேயே நின்று வாங்குவார்கள். அதற்கு அப்பால் அவர்களுக்கும் அந்தக் கரைக்கும் இடையில் கதை இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்று கேட்டால் செல்வநாயகி "அது அப்பிடித்தான்" என்று சொல்வாள். மேடையில் பேசுவதற்கு இரண்டு வசனம் அங்கே கிடைக்கும் என்று தனுசியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னொன்றும் இருந்தது. "இதைவிட உண்மையாக" என்று எழுதியிருந்தாள். எதைவிட என்று எவராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

ஞாயிறு விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி நகரத்துக்குப் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்துக் கரையில் இறங்கினாள்.

பிந்திவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். கரையில் எவரும் இல்லை. பிறகு பார்த்தால் படகுகள் எல்லாம் அங்கேயே நின்றன. ஆழமில்லாத தண்ணீரில் தடிகளில் கட்டப்பட்டு, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, கண் எட்டிய தூரம்வரைக்கும் நின்றன. இயந்திரங்களைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். வலைகள் நீலத் தரப்பாள் விரிப்புக்குக் கீழே குவிந்து கிடந்தன. கவிழ்த்துக் கிடந்த வள்ளம் ஒன்றின் நிழலில் நாய் ஒன்று நித்திரையாய்க் கிடந்தது. மண்ணெண்ணெய் மணம் இல்லை. சத்தம் என்றால் தண்ணீர் படகின் அடியில் தட்டும் சத்தம் மட்டும்தான்.

இனித்தான் புறப்படுவார்கள்போல என்று எண்ணி அவள் கைப்பேசியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். மணி அடிக்கத் தொடங்கியது. படத்தில் கேட்ட அதே மணி. அவள் காது அதை உடனே அடையாளம் கண்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு படகைப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. தெருவில் பெண்கள் முக்காட்டோடு கோயிலுக்குப் போனார்கள். அவர்களோடு ஆண்களும் போனார்கள், இஸ்திரி போட்ட சேர்ட்டும் வாரிய தலையுமாக, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் போனார்கள்.

கடைசியாக வந்த வயதான ஒருவரிடம் அவள், தன் வழக்கத்துக்கு மாறாக, வாய் திறந்து கேட்டாள். இண்டைக்குப் போட்டுகள் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று.

அவர் நின்று அவளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமையோ?" என்றார். "பிள்ளை எவடம்?"

"சண்டிலிப்பாய்."

"அதுதானே," என்று சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குப் போனார்.

மணி நின்றது. தனுசியா அங்கேயே நின்றாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடம். அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திரும்பிப் போய் பஸ் ஏறிவிடலாம், எவருக்கும் தெரியாது என்று நினைத்தாள். சிறிது தூரம் நடக்கவும் செய்தாள். பிறகு திரும்பி வந்து மதில்கட்டில் இருந்து, கரையில் நிற்கிறேன் என்று யசிந்தாவுக்கு எழுதினாள்.

பூசை முடிந்து யசிந்தா வந்தபோது முக்காடு இன்னும் தலையில் இருந்தது. தனுசியாவின் வயதுதான் இருக்கும். பின்னால் அவள் கணவன் லெனாட் கொஞ்சம் விலகி வந்தான். தனுசியா ஏச்சுக் கேட்கத் தயாராக இருந்தாள். அவர்கள் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் கதிரை போட்டு, பால் விடாத பிளேன்ரீயும் கடையில் வாங்கிய பணிசும் கொடுத்தார்கள். அது ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

படத்தில் முதலாவதாகப் புறப்படும் படகு லெனாட்டினுடையது. ஓட்டுகிறவனும் அவன்தான். தம்பிமார் நல்ல பிள்ளைகளாக வந்து கேட்டார்கள், படத்துக்கு எடுக்கப் போகிறோம் என்றார்கள், அதனால் தான் கொடுத்தது மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்தில் சொல்லி மற்றப் படகுகளையும் எடுத்துக் கொடுத்தான். முன்னோட்டம் வந்தபின் கரையில் அவனுக்கு "ஞாயிறு லெனாட்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். ஞாயிறில் தொழில் இல்லை என்பது கரையின் கட்டுப்பாடு என்பதால் மீனவர் சங்கத்தில் கூப்பிட்டு, அன்றைக்கு உண்மையில் தொழிலுக்குத்தான் போனாயா என்று விசாரித்திருக்கிறார்கள். அன்று காலைப் பூசையிலும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒன்றுவிட்ட தமையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதைச் சொல்லும்போது லெனாட் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான்.

யசிந்தா கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"படம் எண்டால் பொய்தானே எண்டு சொல்லிச் சமாளிச்சம் அக்கா," என்றாள். "எல்லாரும் அதைக் கேட்டுட்டுப் பேசாமல் போயிருப்பினம். ஆனால் இதுதான் உண்மை எண்டு நீங்கள் எழுதிப்போட்டியள். அதுக்குப் பிறகு எங்களுக்குச் சொல்ல ஒண்டும் இல்லாமல் போச்சுது."

தனுசியா பிளேன்ரீயைக் குடித்து முடித்தாள். சூடாக இருந்தது, ஆனாலும் குடித்து முடித்தாள்.

பஸ் நிலையத்திலேயே நின்று சிவதர்ஷனுக்கு அழைத்தாள். ஒரு இயக்குநருக்குத் தானாக அழைப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை. அவன் சந்தோஷமாகத்தான் எடுத்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். தனக்கும் எடுக்கும்போது தெரியாது என்றான். கிழமை நாளில் தொழிலை விட்டுவிட்டுப் படகு தர ஒருவரும் சம்மதிக்கவில்லை, ஞாயிறென்றால் எத்தனை வேண்டுமானாலும் தருகிறோம் என்றார்கள், ஏன் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது மணி தானாக அடித்தது. பெண்கள் தாமாகத் தெருவில் போனார்கள். கடவுளே கொண்டுவந்து தந்த மாதிரி இருந்தது.

"படத்தை வெட்டுற மேசையிலை இருக்கேக்கைதான் ஒரு பெடியன் சொன்னவன், ஞாயிறிலை அவை போறேல்லையாம் எண்டு," என்றான். "மணிச் சத்தத்தை வெட்டுவம் எண்டுதான் இருந்தனான் அக்கா. நீங்கள் எழுதினதை வாசிச்ச பிறகுதான் அப்பிடியே விட்டனான். மண்டபத்திலை போடுறதுக்குச் சத்தத்தையும் கூட்டி வைச்சிருக்கிறன்."

அவள் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"படம் பாக்கிற சனத்துக்கு ஞாயிறும் திங்களும் ஒண்டுதான். நீங்கள் ஒண்டும் யோசிக்காமல் வாங்கோ," என்றான் அவன்.

அவள் "சரி" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு அந்தச் "சரி"யை நினைத்து நினைத்து, சண்டிலிப்பாய்க்குப் போய்ச் சேரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

திங்களும் செவ்வாயும் மெசினில் இருந்து எழுதினாள், அழித்தாள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இவள் பார்த்தால் பார்த்ததுதான் என்ற பெயர். நாலைந்து படம் எடுக்கிறவர்களைத் தவிர அந்தப் பெயரை அறிந்தவர்கள் இல்லை, ஆனாலும் அது அவளாகவே உண்டாக்கியது. பிழை என்று எழுதினால் அந்தப் பெயர் போய்விடும். எழுதாவிட்டால் அது அவளுக்குள்ளேயே போய்விடும். எது பரவாயில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஊசி ஒன்று முறிந்தது.

சின்னத்தங்கத்துக்குப் பொறுக்கமுடியாமல், என்ன நடந்தது என்று கேட்டாள். தனுசியா சொன்னாள்.

"உனக்கென்ன விசரோ?" என்றாள் சின்னத்தங்கம். "பொன்னாடையைப் போத்திக்கொண்டு வந்து, திங்கட்கிழமை ஆறுதலா இருந்து எழுதன். ஆர் மாட்டன் எண்டது?"

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. தனுசியா புதன்கிழமை முழுதும் அதை யோசித்தாள். மேடையில் ஏறுவாள், குனிவாள், போர்த்துவார்கள், கை தட்டுவார்கள். எங்கோ ஒரு வரிசையில் லெனாட்டும் யசிந்தாவும் இருப்பார்கள், அவர்களும் கை தட்டுவார்கள், ஏனென்றால் அவர்கள் அப்படியான ஆட்கள். அப்படிப் போர்த்திக்கொண்டு வந்தபின் தன்னால் எழுத முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. பொன்னாடை போர்த்தியவனின் முகம் எழுத்துக்கு நடுவில் வந்து நிற்கும். இப்போதே நிற்கிறது.

வியாழன் மத்தியானம், சின்னத்தங்கம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், எழுதிப் பதிவிட்டாள். நீளமாக எழுதவில்லை. "அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு படகும் தொழிலுக்குப் போவதில்லை. ஆண்களும் பெண்களும் சேர்ந்துதான் பூசைக்குப் போகிறார்கள். நான் அந்தக் கரைக்குப் போகாமலே, அதுதான் உண்மை என்று எழுதினேன். படம் எடுத்தவர்கள் கற்பனை செய்யலாம். நான் சாட்சி சொல்லியிருக்கக் கூடாது. படகு தந்தவர்கள் அன்று ஒரு மீனும் பிடிக்கவில்லை. இதை வாசிக்கிறவர்கள் முந்தியதை நம்ப வேண்டாம்."

பதிவிட்டதும் கைப்பேசியை லாச்சிக்குள் போட்டு மூடினாள். பின்னேரம் திறந்து பார்த்தபோது, கரையைப் பார்க்காமலே எழுதும் விமர்சகரா நீங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். தையற்காரிக்குச் சினிமா எதற்கு என்று இன்னொருவர். அதற்கு இருபது பேர் சிரித்திருந்தார்கள். சிவதர்ஷன் ஒன்றும் எழுதவில்லை, அழைக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை முன்னோட்டம் காணாமல் போயிருந்தது. வரவேண்டாம் என்றும் எவரும் சொல்லவில்லை. அதுதான் கூடத் தொல்லையாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அவள் போவதாக இல்லை. யசிந்தாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாங்கள் வாறம், நீங்களும் வாங்கோ, பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறோம் என்று. பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

மண்டபத்து வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். "இதைவிட உண்மையாக அதைக் காட்ட முடியாது" என்ற வரி அப்படியே இருந்தது. அதன் கீழே அவள் பெயர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார்கள். வேறு பதாகை அடிக்க நேரம் இருந்திருக்காது. அந்த வரியை யார் சொன்னதென்று இனி எவருக்கும் தெரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

யசிந்தாவும் லெனாட்டும் நடு வரிசையில் இருந்தார்கள். அவர்களோடு குருநகரிலிருந்து இன்னும் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். லெனாட்டுக்குப் பக்கத்தில் இருந்தவன்தான் முகத்தைத் திருப்பிய அந்த ஒன்றுவிட்ட தமையன் என்று யசிந்தா காதுக்குள் சொன்னாள். பதிவை யசிந்தாதான் அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

படம் ஓடியது. அந்தக் காட்சி கிட்ட வரவரத் தனுசியா கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். விடியல் வந்தது. படகுகள் வந்தன. மணி இல்லை. முக்காட்டோடு போகும் பெண்களும் இல்லை. வெட்டி எடுத்திருந்தார்கள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக இரைந்தன, படகுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு காலை. பிழை ஒன்றும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது அவளைப் பிடித்து நிறுத்திய அது வரவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவர் அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியைத் திறந்தார்.

யசிந்தா அவள் பக்கம் சாய்ந்தாள்.

"மணி இருந்தால் வடிவாத்தான் இருந்திருக்கும், என்ன அக்கா?" என்றாள் மெதுவாக.

தனுசியாவுக்குச் சிரிப்பும் வந்தது, பதறலும் வந்தது. இருட்டில் தலையை மட்டும் ஆட்டினாள்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் மேடையில் பெயர்களை வாசித்தார்கள். ஒளிப்பதிவு செய்தவர், இசை அமைத்தவர், சாப்பாடு தந்த கடைக்காரர் என்று ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். தட்டில் ஒரு பொன்னாடை மட்டும் மடித்தபடி இருந்தது, சிவப்புக் கரை போட்டது. அது யாருக்கென்று வாங்கியது என்பது அவளுக்குத் தெரியும். ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவன் திரும்பிச் சிவதர்ஷனைப் பார்த்தான். சிவதர்ஷன் குனிந்து ஏதோ சொன்னான். படகு தந்தும் ஓட்டியும் உதவிய லெனாட் அண்ணை மேடைக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள்.

லெனாட் நம்பவில்லை. யசிந்தா அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். பொன்னாடையைப் போர்த்தியதும் அதை என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு நுனியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். குருநகர் ஆட்கள் கை தட்டினார்கள். அந்தத் தமையனும் தட்டினான். தட்டியது மட்டுமல்ல, "ஞாயிறு லெனாட்" என்று கத்தவும் செய்தான். அவர்கள் வரிசை முழுதும் சிரித்தது. லெனாட்டும் மேடையில் நின்று சிரித்தான்.

தனுசியாவும் கை தட்டினாள். உள்ளே ஓரிடத்தில் நொந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அவள் வாழ்நாளில் மேடையேற ஒருதடவை அழைத்தார்கள், அது இப்படிப் போயிற்று. நியாயமாகத்தான் போயிற்று என்று தெரிந்தும் நொந்தது.

வெளியே வந்து யசிந்தாவிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கியபோது சிவதர்ஷன் படிக்கட்டின் அடியில் நின்றான். அவளைக் கண்டதும் வேறெங்கோ பார்த்தான். அவளும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு அவனைத் தாண்டினாள். தாண்டிய பிறகு அவன் கூப்பிட்டான்.

"அக்கா, இண்டைக்குப் பாத்ததையும் எழுதுவியளோ?"

அவள் நின்றாள். எழுதிக் காட்டலாம், முகத்துக்கு நேரே சொல்ல அவளால் முடியாது. எந்தப் படத்தைப் பற்றியும் எவருடைய முகத்துக்கு நேரேயும் அவள் ஒரு சொல் சொன்னதில்லை. பதாகையில் ஒட்டிய வெள்ளைத் தாள் காற்றில் ஒரு மூலை கிளம்பி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு "சரி"யோடு போய்விடலாம். வாய் அதற்குத்தான் போனது. அவள் அதைத் திருப்பினாள்.

"மணி இல்லாமல் அந்த இடம் விழுந்துபோச்சு, தம்பி," என்றாள்.

அவன் அவளை உற்றுப் பார்த்தான். மூன்று நாள் நித்திரை கொள்ளாதவன் போல இருந்தான்.

"வைச்சாலும் பிழை, எடுத்தாலும் பிழையோ?"

"ஓம்."

"அப்ப என்னை என்னதான் செய்யச் சொல்லுறியள்?"

"அது எனக்குத் தெரியேல்லை," என்றாள் தனுசியா. அதோடு நிறுத்தவில்லை. "வேறை ஏதோ ஒண்டு அந்த இடத்திலை வந்திருக்கவேணும். நீங்கள் தேடேல்லை. வெட்டிப்போட்டு விட்டிட்டியள். அப்பிடித்தான் எழுதுவன்."

அவன் பதில் சொல்லப் போனான். உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "எழுதுங்கோ," என்று சொல்லிவிட்டுப் படியேறினான். கோபத்தில் சொன்னானா, மனம்வைத்துச் சொன்னானா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகியவள், இந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று திரும்பினாள். அவன் போய்விட்டான்.

அவள் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள். முதல் வசனம் அதற்குள் வந்துவிட்டது. தெருவைக் கடக்கும்போது அது பிடிக்காமல் போனது. மாற்றினாள். பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்தபின்னும் மாற்றிக்கொண்டிருந்தாள். நடத்துநர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எங்கே போவதென்று சொன்னாள்.